யாரும் வாங்காத முக்கால் மணி நேரம்

செய்தியை எனக்குச் சொன்னவர் பஞ்சவர்ணம். உத்தமபாளையத்தில் என் மருந்துக்கடை ஷட்டரை அன்று பாதிதான் ஏற்றியிருந்தேன். செல்பேசி அடித்தது. ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டங்களில் கூலிவேலை செய்யும் அந்த அம்மா காலையில் யாருக்கும் போன் செய்கிறவர் இல்லை. அந்நேரம் பந்தலுக்குக் கீழே நிற்பார்.

“பாய், நம்ம டைரக்டரு தவறிட்டாகளாமே? டிவில கீழ எழுத்து ஓடுதாம். எம் மக வாசிச்சுச் சொன்னா. நெசமா?”

நிஜம்தான். இயக்குநர் தில்லைநாதன் சென்னையில் தம் மகள் வீட்டில் காலமாகியிருந்தார். அன்று முழுவதும் எல்லாத் தொலைக்காட்சிகளிலும் அவர் முகம். அவருடைய பாடல் காட்சிகளைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். நடிகர்கள் கறுப்புக் கண்ணாடியோடு வந்து கையெடுத்துக் கும்பிட்டார்கள். மறுநாள் செய்தித்தாளில் அரைப்பக்கம் எழுதியிருந்தார்கள். அதன் கடைசி வரி இப்படி: “கடைசிச் சில ஆண்டுகளாகப் படம் எதுவும் எடுக்காமல் ஓய்வில் இருந்தார்.”

அந்த வரியை நான் மூன்று தடவை வாசித்தேன். ஓய்வாம்! மூட்டுவலிக்கு என் கடையிலேயே தைலம் வாங்கித் தேய்த்துக்கொண்டு, ஓடைப்பட்டிக்கும் ராயப்பன்பட்டிக்கும் நடுவே வெயிலில் அலைந்த மனிதரை ஓய்வில் இருந்தார் என்று எழுதிவிட்டார்கள். அவர் கடைசியாக எடுத்த படத்தை எந்தத் தொலைக்காட்சி வேண்டாம் என்றதோ, அதுவும் அன்று அவருக்காக ஒரு மணி நேரம் அழுதது.

அவரை அறிந்த நண்பர்கள் சேர்ந்து கொண்டுவரும் நினைவு மலர் இது. எழுதித் தருகிறேன் என்று நானாகவே கேட்டு வாங்கினேன். அவருடைய வெற்றிப் படங்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல எதுவுமில்லை. விற்காமல் போன ஒரு முக்கால் மணி நேரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதில் எனக்கும் பங்கு உண்டு. எப்படிப்பட்ட பங்கு என்பதைக் கடைசியில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் என் கடைக்கு வந்தது கண் சொட்டு மருந்து வாங்க. புதுப் படம் ஒன்றுக்கு இடம் பார்க்கக் கம்பம் பக்கம் வந்தவருக்குக் கண் சிவந்துவிட்டது. எனக்கு அவரை உடனே அடையாளம் தெரிந்தது. ஆனால் கடையில் கூட்டம். எல்லாரும் தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள். எல்லாரும் கேட்டது அதே சொட்டு மருந்தும் அரிப்புக்குக் களிம்பும். அவர் வரிசையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன பாய், ஊர்ல கண்வலி பரவுதா?”

“பரவல சார். திராட்சைக்கு மருந்தடிக்கிற சீசன்.”

“அங்க அடிக்கிறதும் மருந்து. நீங்க விக்கிறதும் மருந்தா?”

“ஆமா சார். அந்த மருந்துக்கு இந்த மருந்து.”

நான் வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மதியம்வரை கடையிலேயே உட்கார்ந்திருந்தார். வந்த பெண்களிடம் எந்தத் தோட்டம், எத்தனை நாளாக, தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கிளம்பும்போது சொன்னார்: “நான் இதே பந்தலுக்குக் கீழ ஒரு பாட்டு எடுத்திருக்கேன் பாய். நாலு நாள் ஷூட்டிங். அப்போ எனக்குக் கொத்துதான் தெரிஞ்சது. ஆள் தெரியல.”

இடம் பார்க்க வந்த படத்தை அவர் எடுக்கவே இல்லை. சில மாதம் கழித்து நான்கே பேரோடும் ஒரு சிறிய கேமராவோடும் திரும்பி வந்தார். நாம் சாப்பிடும் பொருள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இருக்கும் கைகளைப் பற்றித் தொலைக்காட்சிக்கு ஒரு தொடர் என்பது அவர் திட்டம். திராட்சை, ஏலக்காய், உப்பு என்று ஒரு பட்டியல் வைத்திருந்தார். முதலில் ஓர் அத்தியாயத்தை மாதிரிக்கு எடுத்துக் காட்டினால்தான் தொலைக்காட்சிக்காரர்கள் தொடரை வாங்குவார்கள். அந்த மாதிரி அத்தியாயத்தை அவர்கள் ‘பைலட்’ என்கிறார்கள். அவர் பைலட்டுக்கு எடுத்துக்கொண்டது ஓடைப்பட்டித் திராட்சை. அவருக்கு ஊரைக் காட்டும் வேலை என் தலையில் விழுந்தது. கடையை மனைவியிடம் விட்டுவிட்டு நானும் கூடவே சுற்றினேன்.

அவரை மகான் ஆக்க நான் எழுதவில்லை. மனிதருக்குக் கோபம் மூக்கின்மேல் இருந்தது. கேமராவுக்குக் குறுக்கே மாடு வந்தால் மாட்டைத் திட்டுவார். மாட்டுக்காரர் வந்தால் என்னைத் திட்டுவார். படப்பிடிப்பின் இரண்டாம் நாள் மதியம் பெண்கள் தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெளிச்சம் சரியில்லை என்று, எல்லாரையும் மறுபடி உட்கார்ந்து மறுபடி சாப்பிடச் சொன்னார். பஞ்சவர்ணத்தை நான் முதலில் பார்த்தது அப்போதுதான். வாளியைக் கவிழ்த்துக் காட்டினார்.

“திங்கிற சோத்த ரெண்டாந்தடவ எப்படிய்யா திங்கிறது? ஒங்க சினிமாவுல வேணும்னா திம்பாக. இங்கன ஒரு தடவத்தேன்.”

கூட இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். இயக்குநரின் முகம் சுருங்கியது. இன்று என்னை ஒரு பிடி பிடிப்பார் என்று நினைத்தேன். அவர் கேமராக்காரரிடம், “அந்தம்மா சொல்றது சரிதான். இனிமே யாரையும் எதையும் ரெண்டாவது தடவை செய்யச் சொல்லாதே. நமக்குக் கிடைக்கலேன்னா அது நம்ம தப்பு” என்றார். அதன்பிறகு எடுத்த ஒரு காட்சியைக்கூட அவர் திருப்பி எடுக்கவில்லை. நான் சாட்சி.

பஞ்சவர்ணம் கேமரா முன்னால் பேச ஒப்புக்கொள்ள ஒரு வாரம் ஆனது. வேலை செய்துகொண்டேதான் பேசுவேன் என்றார். கொத்தில் நெருங்கிக் கிடக்கும் பிஞ்சுகளைக் கழிக்கும் வேலை அது. கத்தரியைப் பிடித்த கை மேலே, கண் மேலே. அப்படியே பதினோரு நிமிடம் பேசினார்.

“நாங்க மேல பாத்தே வேலை செய்றவக. காலைல நிமித்துன தலைய வேலை விடுறப்பத்தேன் எறக்குவோம். மருந்தடிச்ச மக்யா நாளே, விடிஞ்சதும் உள்ள போங்கம்பாக. எலையில இருந்து சொட்டும். கண்ணுல விழுகும். தொடைக்கக் கை ஏது? கையிலயும் அதான இருக்கு. திராட்சையக் கழுவித் தின்னுங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்றாக. எங்களக் கழுவுறது யாரு?”

பதினோரு நிமிடத்தையும் இயக்குநர் வெட்டாமல் வைத்தார். “இதுல எங்க வெட்டினாலும் ரத்தம் வரும்” என்றார்.

அந்த வாரத்திலேயே என்னையும் பேசச் சொன்னார். கல்லாவில் நின்றபடி, மருந்தடிக்கும் நாள்களில் என்னென்ன விற்கும், யார் யார் வாங்குவார்கள், எனக்குத் தெரிந்து எத்தனை வருடமாக இப்படி நடக்கிறது என்று சொன்னேன். உள்ளதைத்தான் சொன்னேன். சொல்லும்போது பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் பெருமை பத்து நாள் தாங்கவில்லை. என் மச்சான், என் மனைவியின் தம்பி, ஓடைப்பட்டிக்கு அருகே திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறார். அவர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“மச்சான், கேமராவுல என்னமோ சொன்னீகளாமே? தோட்டக்காரக எல்லாரும் என்னயத்தேன் கேக்குறாக. ஒரு மழைக்குக் காயெல்லாம் வெடிச்சுப் போகுது. மருந்தடிக்கலேன்னா ஒரு கொத்து மிஞ்சாது. நானும் முதுகுல டப்பாவ மாட்டிக்கிட்டுத்தேன் அடிக்கிறேன். எங் கண்ணு என்ன இரும்பா?”

“அதையும் அவர்ட்ட சொல்லேன். எடுத்துக்குவாரு.”

“எடுப்பாக, போட்டுட்டுப் போயிருவாக. அப்புறம் நம்ம பழம் சாலையில கெடக்கும். ஒங்க கடைக்கும் ஒரு ஆளு வரமாட்டாக. அக்காவ நெனச்சுப் பாருங்க.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. மறுநாள் கம்பத்தில் இயக்குநர் தங்கியிருந்த விடுதிக்குப் போய், நான் பேசியதைப் படத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். காரணம்கூட ஒழுங்காகச் சொல்லவில்லை. திட்டுவார், எதிர்வாதம் செய்வார் என்று தயாராகப் போயிருந்தேன்.

“நீங்க பேசினது உங்களோடது பாய். எடுத்துடலாம். அந்தம்மா பேசினதை எடுக்கச் சொல்லி மட்டும் யாரையும் அனுப்பாதீங்க.”

டீ வாங்கிக் கொடுத்தார். மச்சானையும் போய்ப் பார்த்தார். மச்சான் பேச ஒப்பவில்லை. இயக்குநர் அந்த விஷயத்தை அத்தோடு விட்டுவிட்டார். வாழ்நாளில் ஒருமுறைகூட அதைக் குத்திக்காட்டவில்லை.

படம் முடிந்து சென்னையில் ஒவ்வொரு தொலைக்காட்சியாக ஏறி இறங்கினார். உங்களில் பலருக்கு இது தெரியாது. ஒரு காலத்தில் இவருக்காகப் படி இறங்கி வந்தவர்களின் பிள்ளைகள் இவரை வரவேற்பறையில் உட்கார வைத்தார்கள். ஓரிடத்தில், நடிகை ஒருவர் தோட்டத்தில் நடந்து ஊரைச் சுற்றிக் காட்டினால் வாங்கிக்கொள்கிறோம் என்றார்களாம். இன்னோரிடத்தில், கடைசியில் திராட்சையில் ஒரு சமையல் செய்து காட்டலாமே என்றார்களாம். மூன்றாமிடத்தில் ஓர் இளைஞர் பஞ்சவர்ணம் பேசும் பகுதியை வேகமாக ஓட்டிப் பார்த்தபடி, “இந்த லேடி ரொம்ப நேரம் பேசுறாங்க சார். தவிர, விளம்பரம் தர்றவங்க கோவிச்சுக்குவாங்க” என்றாராம். இதையெல்லாம் தொலைபேசியில் சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

“ஓட்டிப் பாத்தானா சார்? நீங்க ஒண்ணும் சொல்லலியா?”

“சொன்னேன். தம்பி, அவங்க தலையை நிமிர்த்தி நிக்கிற நேரத்தைவிட நீ குனிஞ்சு பார்க்கிற நேரம் ரொம்பக் கம்மின்னு சொன்னேன். அவனுக்குப் புரியல.”

ஒன்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பதினோரு நிமிடத்தை இரண்டு நிமிடமாகக் குறைத்திருந்தால் தொடர் முழுவதும் விற்றிருக்கும். குறைப்பது அவருக்குத் தெரியாத வித்தையா? இரண்டரை மணி நேரப் படங்களை ஒரே இரவில் வெட்டித் தைத்தவர் என்று நீங்களே மேடையில் புகழ்ந்திருக்கிறீர்கள். அவர் வெட்ட மறுத்தார். அதற்குப் பெயர் ஓய்வு.

எல்லாக் கதவும் மூடியபிறகு அவர் செய்த ஒன்றை வேறு யாரும் செய்து நான் கண்டதில்லை. இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து படம் எடுத்துப் போனவர்கள் எத்தனையோ பேர். ‘டிவியில் வரும், பாருங்கள்’ என்று சொல்லிப் போவார்கள். அதன்பிறகு போன் எடுக்க மாட்டார்கள். இவர் தாமே ஒரு வாடகைக் காரில் வந்தார். நேராகத் தோட்டத்துக்குப் போனோம். பெண்கள் இலை கிள்ளிக்கொண்டிருந்தார்கள். பந்தல் அவர் உயரத்துக்குத் தாழ்வு. குனிந்து உள்ளே நுழைந்தார்.

“அம்மா, நான் எடுத்ததை யாரும் வாங்கல. டிவியில வராது. வரும்னு சொல்லித்தான் உங்களைப் பேசச் சொன்னேன். மன்னிச்சுக்குங்க.”

பஞ்சவர்ணம் கையை இறக்கி முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

“அதுக்கெதுக்குய்யா இம்புட்டுத் தூரம் வந்தீக? வரலேன்னா வரல. எங்களுக்கென்ன, நாங்க சொன்னது நாங்க சொன்னதுதேன்.” பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவர்போலக் கேட்டார்: “நான் பேசுனது நல்லா இல்லியோ?”

“நீங்க பேசினதுதான்மா நல்லா இருந்தது” என்றார் இயக்குநர். காரில் சின்னமனூர் தாண்டும்போது, “என்னைப் பத்தி ஆயிரம் பேர் எழுதியிருக்கான் பாய். அதுல ஒருத்தன்கூட என் கிட்ட இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை” என்றார். படத்தின் பிரதி ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதன்பின் அவர் உடம்பு ஒத்துழைக்கவில்லை. தொலைபேசியில் பேசிக்கொள்வோம், அவ்வளவுதான்.

அவர் இறந்த மூன்றாம் நாள் ஒரு தொலைக்காட்சியிலிருந்து என்னை அழைத்தார்கள். பெண் குரல், மிகவும் மரியாதையாக.

“சார், டைரக்டர் சார் கிரேப் தோட்டத்துல நடக்குற மாதிரி ஒரு விஷுவல் உங்ககிட்ட இருக்காமே. சாருக்கு ட்ரிப்யூட் பண்றோம். ரெண்டு நிமிஷம் போதும். மியூசிக் நாங்க போட்டுக்குவோம்.”

“அதுல சார் நடந்து போய் ஒரு அம்மா முன்னால நிப்பாரு. அந்தம்மா பேசுவாங்களே?”

“அது வேண்டாம் சார். ட்ரிப்யூட்தானே, பாசிட்டிவா இருக்கட்டும்.”

நான் கெட்ட வார்த்தை பேசுகிறவன் இல்லை. அன்று பேசிவிட்டேன். கடையில் நின்றவர்கள் திகைத்துப் போனார்கள். மனிதர் உயிரோடு வந்து வாசலில் உட்கார்ந்தபோது வேண்டாம் என்ற படம், அவர் செத்தபின் வேண்டுமாம். அதுவும் அவர் நடப்பது மட்டும் வேண்டுமாம். அவர் யாரை நோக்கி நடந்தாரோ அந்த ஆள் வேண்டாமாம்.

கோபம் அடங்காமல் அவருடைய மகள் கவிதாவை அழைத்தேன். படத்தின் உரிமை அவரிடம்தான். எக்காரணம் கொண்டும் துண்டாகக் கொடுக்காதீர்கள் என்றேன். கொடுக்க மாட்டேன் என்றார். பிறகு சற்றுத் தயங்கி, எனக்கு இதுவரை தெரியாத ஒன்றைச் சொன்னார்.

“அங்கிள், உங்களுக்குத் தெரியுமான்னு தெரியல. அந்த மூணாவது சேனல்ல மேல இருந்த ஒரு அம்மா படத்தை முழுசாப் பார்த்தாங்க. அழுதாங்க. போட்டுடலாம்னாங்க. ஆனா, கூலி வேலை செய்ற ஒருத்தங்க சொல்றதை மட்டும் வெச்சுப் போட முடியாது, ஊர்ல வேற யாராவது, ஒரு டாக்டரோ மருந்துக்கடைக்காரரோ சொல்லியிருந்தா எங்க வக்கீல் ஒத்துக்குவார்னு சொன்னாங்க. அப்பா, அப்படி யாரும் இல்லைன்னுட்டார்.”

செல்பேசியைக் காதில் வைத்தபடியே முக்காலியில் உட்கார்ந்தேன்.

“கார்ல வரும்போது நான் கேட்டேன். பாய் பேசினது இருக்கேப்பா, ஒரு போன் பண்ணிக் கேளுங்களேன்னு. ‘கேட்டா அவர் சரின்னு சொல்லிடுவார்மா. அப்புறம் அந்த ஊர்ல அவர்தான் கடை வைக்கணும். நான் சென்னைக்கு வந்துடுவேன்’னார்.”

அன்று கடையைப் பாதியில் சாத்திவிட்டேன். இத்தனை நாள் யார்மீதெல்லாம் எரிந்துகொண்டிருந்தேனோ, அந்த வரிசையில் நானும் நின்றேன். முதல் ஆளாகவே நின்றேன். அவர்மீதும் கோபம் வந்தது. நான் என்ன குழந்தையா? ஒரு போன் செய்து கேட்டிருக்கலாமே. என்னைக் காப்பாற்ற அவர் யார்? தொடர் போயிற்று, பஞ்சவர்ணத்தின் பேச்சு போயிற்று. எல்லாம் என் கல்லாவுக்காக. தோட்டத்தில் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். அப்போதும் சொல்லவில்லை. நான் கேட்க வேண்டிய மன்னிப்பையும் சேர்த்துத் தாமே கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

கவிதாவை மறுபடி அழைத்தேன். வெட்டியது இருக்கிறதா என்று கேட்டேன். “அப்பா எதையும் தூக்கிப் போட மாட்டார்” என்றார். நான் பேசியதைப் பழைய இடத்திலேயே சேர்த்துவிடுங்கள் என்றேன்.

மனைவியிடம் சொன்னேன். “தம்பிக்கு நாஞ் சொல்லிக்கிறேன். நீங்க ஆக வேண்டியதப் பாருங்க” என்றாள்.

அவருடைய நாற்பதாம் நாளை ஒட்டி வந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், ஓடைப்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் படத்தை முழுதாகப் போட்டோம். கவிதா வந்திருந்தார். தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் குடும்பத்தோடு வந்தார்கள். என் முகம் திரையில் வந்ததும் யாரோ, “ஏ, பாயப் பாருங்கடி, தாடியெல்லாம் கறுப்பு!” என்று கத்த, மண்டபமே சிரித்தது. நான் பேசப் பேசச் சிரிப்பு அடங்கியது. பிறகு பஞ்சவர்ணம் வந்தார். பதினோரு நிமிடமும் ஒரு குழந்தைகூடச் சிணுங்கவில்லை. பஞ்சவர்ணம் மட்டும் தலை குனிந்தபடியே இருந்தார். தன்னைத் தானே பார்க்க வெட்கமாக இருந்ததாம்.

என் மச்சான் வாசல் ஓரமாக நின்று முழுவதையும் பார்த்தார். முடிந்ததும் கிளம்பிப் போய்விட்டார். அவர் இன்றுவரை என் வீட்டுக்கு வரவில்லை. தோட்டக்காரர்கள் சிலர் வேறு கடைக்கு மாறிவிட்டார்கள். மச்சான் போட்ட கணக்கு தப்பில்லை.

போன வாரம் பஞ்சவர்ணம் களிம்பு வாங்க வந்தார். “மருந்தடிச்ச மக்யா நாள் வரமாட்டோம், ரெண்டு நாள் கழிச்சுத்தேன் வருவோம்னு சொல்லிட்டோம் பாய். இன்னும் ஒரு பதிலும் இல்ல. வேற ஆளத் தேடுறாகன்னு கேள்வி.” என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. ஆனாலும் சொல்லிவிட்டார்கள்.

அவருடைய விருதுகளையும் புகைப்படங்களையும் நீங்கள் பத்திரப்படுத்துவீர்கள். செய்யுங்கள். ஆனால் ஓய்வில் இருந்தார் என்று இனி யாரும் எழுத வேண்டாம். என்னிடம் இருப்பது அவர் தம் மகளிடம் என்னைப் பற்றிச் சொன்ன ஒரே ஒரு வாக்கியம்: கேட்டால் அவர் சரி என்று சொல்லிவிடுவார். அன்று கேட்டிருந்தால் நான் உண்மையிலேயே அப்படிச் சொல்லியிருப்பேனா? இதை எழுதும் இந்த நிமிடம்வரை எனக்கு நிச்சயமில்லை. அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.